நிலக்கரிக்கு ஒன்பது ஆண்டு நோட்டீஸ்

2009 ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் போலீசார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்த 114 பேரையும் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் எதையும் உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அதுவரை செய்த ஒரே காரியம் கூடியிருந்து திட்டம் போட்டதுதான். சற்றுத் தொலைவில், சோர் ஆறு ஓடும் பகுதியில் இருக்கும் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்துக்குள் புகுந்து ஒரு வாரம் அதை ஓடவிடாமல் செய்வது என்பது அந்தத் திட்டம்.

போலீசுக்கு எப்படி மூக்கு வேர்த்தது? கூட்டத்தில் ஒருவராக வளைய வந்த மார்க் ஸ்டோனின் உண்மைப் பெயர் மார்க் கென்னடி. நீண்ட தலைமுடியும் பச்சை குத்திய கைகளுமாக, சூழலியல் போராட்டக்காரர்களோடு பல ஆண்டுகள் உண்டு உறங்கிப் பழகிய அவர் ஒரு ரகசியப் போலீஸ்காரர். அந்த உண்மை வெளியே வந்ததும் 2011 ஜனவரியில் கைதானவர்களில் சிலர்மீதான வழக்கு கவிழ்ந்தது. அதற்கு முன்பே குற்றவாளிகள் என்று தீர்ப்பாகியிருந்த 20 பேரின் தண்டனையும் அதே ஆண்டு ஜூலையில் ரத்தானது. பிரிட்டிஷ் போலீஸ் பல ஆண்டுகளுக்குத் தலைகுனிந்து பதில் சொல்ல வேண்டிவந்த விவகாரம் அது.

ராட்கிளிஃப் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. 1960களின் கடைசியில் மின்சாரம் தரத் தொடங்கிய, 2,000 மெகாவாட் திறன் கொண்ட நிலையம். அதன் எட்டு குளிர்விப்புக் கோபுரங்களை நெடுஞ்சாலையில் போகிற யாரும் பார்க்காமல் தாண்ட முடியாது.

2024 செப்டம்பர் 30 அன்று அது நிரந்தரமாக நின்றது. யாரும் வேலி தாண்டிக் குதிக்கவில்லை. ஊழியர்கள் கேன்டீனில் கூடி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த நேரலையைப் பார்த்தார்கள். இயந்திரங்கள் மின்தொகுப்பிலிருந்து கழற்றிவிடப்பட்டன. அத்தோடு பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது. பணக்கார நாடுகளின் ஜி7 குழுவில் நிலக்கரி மின்சாரத்தை முற்றாகக் கைவிட்ட முதல் நாடு என்ற பெயரும் பிரிட்டனுக்குச் சேர்ந்தது.

ஒரு வாரம் நிறுத்துவதற்கே 114 பேரால் முடியாமல்போன நிலையத்தை, பிறகு எது நிறுத்தியது? இதில் பசுமை ஆர்வலர்கள் கதாநாயகர்களாக வரும் கதையை எதிர்பார்ப்பவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். வேலையின் பெரும்பகுதியைச் செய்தவை ஒரு வரி, ஓர் ஐரோப்பிய விதிமுறை, கடற்காற்று, எல்லாவற்றுக்கும் மேலாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு தேதி.

தொடங்கி வைத்த நாடே முடித்து வைத்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1882 ஜனவரி 12 அன்று லண்டனில், 57 ஹோல்பர்ன் வயடக்ட் என்ற முகவரியில், தாமஸ் எடிசனின் நிறுவனம் ஒரு மின் நிலையத்தை இயக்கியது. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் தந்த உலகின் முதல் நிலையம் அது. நியூயார்க்கில் எடிசனின் புகழ்பெற்ற பேர்ல் தெரு நிலையம் வந்ததுகூட அதே ஆண்டு செப்டம்பரில்தான். 27 டன் எடையுள்ள அந்த ஜெனரேட்டருக்கு, அக்காலத்தில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் புகழ்பெற்றிருந்த யானையின் பெயரை வைத்து ஜம்போ என்றார்கள். ஹோல்பர்னைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. வயடக்ட் என்பது மேம்பாலம்; அதன் அடியிலேயே குழாய்கள் போகச் சுரங்கப்பாதை இருந்ததால், கம்பி பதிக்கத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. அனுமதி கேட்டு அலையவும் வேண்டியதில்லை. தெருவிளக்குகளும் பக்கத்துக் கட்டடங்களும் ஒளிர்ந்தன. வரவுக்கும் செலவுக்கும்தான் ஒத்துவரவில்லை. நஷ்டத்தில் ஓடிய அந்த நிலையம் 1886இல் மூடப்பட்டது.

நிலக்கரி மூடப்படவில்லை. 1913இல் பிரிட்டன் தோண்டியெடுத்தது 28.7 கோடி டன். 1920 வாக்கில் சுரங்கங்களில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ரயில், கப்பல், ஆலை, அடுப்பு, குளிர்காய்தல் எல்லாமே கரி. அதன் விலையை லண்டன் 1952 டிசம்பரில் மூச்சுத் திணறித் தெரிந்துகொண்டது. டிசம்பர் 5 முதல் 9 வரை ஐந்து நாள் காற்றே அசையவில்லை. வீட்டுக் கணப்புகளின் புகையும் ஆலைகளின் புகையும் மூடுபனியோடு கலந்து நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அரங்கத்துக்குள் புகுந்த புகையில் பார்வையாளர்களுக்கு மேடை தெரியவில்லை. அப்போது 4,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டுபோகின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

சட்டம் புகையை நகரத்தைவிட்டுத் துரத்தியதே தவிர, கரியைக் குறைக்கவில்லை. வீட்டுக் கணப்பில் எரிந்த கரி, ஊருக்கு வெளியே பெரிய பெரிய மின் நிலையங்களில் எரியத் தொடங்கியது. ட்ரென்ட் ஆற்றுப் படுகையில் வரிசையாக அனல்மின் நிலையங்கள் எழும்பின. ராட்கிளிஃப் அதில் ஒன்று. ஆற்றில் தண்ணீர், பக்கத்து நாட்டிங்ஹாம்ஷையர் சுரங்கங்களில் கரி, இரண்டுக்கும் நடுவே ரயில் பாதை. மின் நிலையம் வைக்க இதைவிடத் தோதான இடம் அமையாது.

இந்த அமைப்புக்கு ஓர் அரசியல் பயனும் இருந்தது 1984இல் தெரிந்தது. அந்த மார்ச் மாதம், 20 சுரங்கங்களை மூடப்போவதாகத் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. 20,000 வேலைகள் போகும் என்ற நிலையில் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு தயாராகவே இருந்தது. மின் நிலையங்களின் முற்றங்களில் முன்கூட்டியே மலைமலையாகக் கரி குவிக்கப்பட்டிருந்தது. நாட்டிங்ஹாம்ஷையர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் சுரங்கத்துக்குப் போய்வந்தார்கள். ஊர்கள் இரண்டுபட்டன, குடும்பங்கள் இரண்டுபட்டன, ஆனால் விளக்குகள் அணையவில்லை. ஓராண்டு பட்டினி கிடந்து பார்த்த தொழிலாளர்கள் 1985 மார்ச்சில் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள்.

வேலைக்குப் போனவர்கள் பிழைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1992 அக்டோபரில் எஞ்சியிருந்த 50 சுரங்கங்களில் 31ஐ மூடப்போவதாக அரசு அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் நாட்டிங்ஹாம்ஷையர் சுரங்கங்களும் இருந்தன.

பிறகு அந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஷையர்புரூக் ஒரு சான்று. டெர்பிஷையரில் உள்ள அந்த ஊரின் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. ஆண்டுகள் கழித்து அதே நிலத்தில் விளையாட்டுப் பொருட்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் மாபெரும் கிடங்கு வந்தது. வேலை வந்தது, ஆனால் எப்படிப்பட்ட வேலை? பெரும்பாலும் ஏஜென்சிகள் மூலம் ஆள் எடுத்தார்கள், நிரந்தரம் கிடையாது. அங்கே ஆட்கள் நடத்தப்பட்ட விதத்தை 2016இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கடுமையாகக் கண்டித்தது. சுரங்க வேலை சொகுசானதல்ல. ஆனால் அதில் சங்கம் இருந்தது, நல்ல சம்பளம் இருந்தது, ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மூன்றையும் மாற்றுத் தொழில் தரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, 1980களிலும் 90களிலும் நடந்த இந்த மூடல்களுக்கும் பருவநிலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான். உள்நாட்டுக் கரியைவிட இறக்குமதிக் கரி மலிவு, அவ்வளவுதான். ரஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த கரியை ராட்கிளிஃப் போன்ற நிலையங்கள் தொடர்ந்து எரித்தன. மின்துறை தனியார்மயமான பிறகு வட கடலின் இயற்கை எரிவாயுவில் ஓடும் மின் நிலையங்கள் பெருகின. அப்படியும் 2012இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியில்தான் வந்தது. அந்த ஆண்டு யாராவது, இன்னும் 12 ஆண்டுகளில் இது பூஜ்ஜியமாகும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2013 ஏப்ரலில் ஒரு வரி நடைமுறைக்கு வந்தது. மின் உற்பத்தியில் வெளியாகும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஐரோப்பிய கார்பன் சந்தை விலைக்கு மேல் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. முதலில் சுமார் 5 பவுண்டு, 2015 முதல் 18 பவுண்டு. கேட்பதற்குச் சின்னத் தொகை. அது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும்.

மின்சாரச் சந்தையில் குறைந்த செலவில் உற்பத்தி செய்யும் நிலையத்துக்குத்தான் முதல் அழைப்பு. தேவை கூடக்கூட அடுத்தடுத்த விலையுள்ள நிலையங்கள் உள்ளே வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் சுமார் 900 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. நவீன எரிவாயு நிலையம் 400 கிராமுக்கும் குறைவாக விடுகிறது. ஆகவே டன்னுக்கு 18 பவுண்டு என்ற வரி, ஆயிரம் யூனிட்டுக்கு நிலக்கரி மேல் சுமார் 16 பவுண்டு சுமையேற்றியது. எரிவாயு மேல் 7 பவுண்டுதான். வரிசையில் முன்னால் நின்றுகொண்டிருந்த நிலக்கரி பின்னால் தள்ளப்பட்டது. பின்னால் போனால் ஓடும் மணி நேரம் குறையும். மணி நேரம் குறைந்தால் பராமரிப்புச் செலவைக்கூட எடுக்க முடியாது. எந்த அமைச்சரும் எந்த நிலையத்தையும் பூட்டச் சொல்லவில்லை. உரிமையாளர்களே கணக்குப் பார்த்துப் பூட்டினார்கள்.

இன்னொரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் காற்று மாசு விதிமுறை நெருக்கியது. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்தாத நிலையங்கள், ஒதுக்கப்பட்ட 20,000 மணி நேரம் மட்டும் ஓடிவிட்டு 2015 முடிவதற்குள் மூட வேண்டும். பழைய நிலையங்கள் பல அதில் அடிபட்டுப் போயின. ராட்கிளிஃப் செலவு செய்து கருவிகளைப் பொருத்திக்கொண்டது. அதனால்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

விளைவு படுவேகம். 2012இல் 40 சதவீதம், 2014இல் 30, 2016இல் 9, 2020இல் 2 சதவீதத்துக்கும் கீழே. 2017 ஏப்ரல் 21 அன்று, தொழிற்புரட்சிக்குப் பிறகு முதன்முறையாக ஒரு முழு நாள் நிலக்கரியே எரிக்காமல் நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அது தொடர்ந்து 67 நாட்களாக நீண்டது.

இதில் ஒரு சிறு குறுக்குக் கேள்வி உண்டு. மின்சாரத் தேவையே குறைந்தது இந்த வேகத்துக்கு ஒரு காரணம். நல்ல குளிர்சாதனப் பெட்டி, எல்.இ.டி. விளக்கு என்று சிக்கனம் வந்தது உண்மை. ஆனால் மின்சாரத்தை விழுங்கும் தொழில்கள் சில மூடப்பட்டதும் உண்மைதான். லைன்மவுத் அலுமினிய ஆலை 2012இல் மூடப்பட்டது. அங்கே உருக்காத உலோகத்தை வேறெங்கோ ஒரு நாட்டில் கரி எரித்து உருக்கி பிரிட்டனுக்குக் கப்பலில் அனுப்பினால், அந்தப் புகை யார் கணக்கில்? பிரிட்டனின் கணக்கில் அது ஏறாது. பெருமை பேசும் அமைச்சர்கள் இந்த வரியைத் தாண்டித்தான் படிக்கிறார்கள்.

காலியான இடத்தை முதலில் நிரப்பியது எரிவாயு. அடுத்து வந்தது காற்று. அதுவும் கடலில். 2000ஆம் ஆண்டு பிளைத் துறைமுகத்துக்கு வெளியே, தலா 2 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு காற்றாலைகளைக் கடலுக்குள் நட்டுப் பார்த்ததுதான் தொடக்கம். வட கடலின் தெற்குப் பகுதி ஆழமில்லாதது, காற்று பலமானது. அடித்தளம் போட வசதி. சிக்கல் பணத்தில் இருந்தது: கடலில் காற்றாலை வைக்க முதலீடு முழுவதையும் முதலிலேயே கொட்ட வேண்டும், மின்சார விலையோ நாளுக்கு நாள் ஏறி இறங்கும். எந்த வங்கி நம்பிக் கடன் கொடுக்கும்?

இதற்கு பிரிட்டன் கண்ட வழி எளிமையானது. ஏலத்தில் வென்ற நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு ஒரே விலை உறுதி செய்யப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள். மேலே போனால் நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டும். 2015 ஏலத்தில் கடல் காற்று மின்சாரம் ஆயிரம் யூனிட்டுக்கு 114 பவுண்டுக்கு மேல் கேட்டது. 2017இல் 57.50க்கு வந்தது. 2019இல் 40க்கும் கீழே. இத்தனைக்கும் இவை எல்லாம் 2012ஆம் ஆண்டு விலைவாசியில் சொல்லும் தொகைகள். அளவு மிஞ்சிய ஆர்வத்தில் அரசு 2023இல் உச்சவரம்பை மிகவும் கீழே வைத்தது. இரும்பும் வட்டியும் ஏறியிருந்த நேரம். கடல் காற்றாலைக்கு ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வரம்பை உயர்த்தினார்கள், ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

யார்க்‌ஷையர் கரையிலிருந்து 89 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஹார்ன்சி 2 காற்றாலைப் பண்ணையில் 165 காற்றாலைகள், மொத்தம் 1,300 மெகாவாட்டுக்கு மேல். அதன் 81 மீட்டர் நீள இறக்கைகள் ஹல் நகரின் பழைய அலெக்சாண்ட்ரா துறையில் அமைந்த ஆலையில் செய்யப்பட்டவை. பக்கத்துக் கிரிம்ஸ்பி ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. ஐஸ்லாந்தோடு நடந்த மீன்பிடித் தகராறு 1976இல் பிரிட்டனுக்குப் பாதகமாக முடிந்ததும் அந்த ஊர் படுத்துவிட்டது. இன்று அங்கிருந்து காற்றாலைப் பராமரிப்புக் கப்பல்கள் கிளம்புகின்றன. அந்தக் காற்றாலைகளை இயக்கும் ஓர்ஸ்டெட் நிறுவனத்தின் பழைய பெயர் டேனிஷ் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு நிறுவனம். 2017இல் எண்ணெய்க் கிணறுகளை விற்றுவிட்டுப் பெயரையும் மாற்றிக்கொண்டது.

காற்று நின்றால்? எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. மின்தொகுப்பில் உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சரியாக இருக்க வேண்டும். அந்த வித்தையில் பிரிட்டனுக்குப் பழைய பயிற்சி உண்டு. 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற நிமிடத்தில், நாடு முழுவதும் டீ போட எழுந்தது. மின் கெட்டில்களைப் போட்டதில் தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் எகிறியது. ஒரு ராட்கிளிஃப் போதாது! இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே வேல்ஸ் நாட்டில் ஒரு கற்பலகைச் சுரங்க மலையைக் குடைந்து டினோர்விக் நீர்மின் நிலையத்தை 1984இல் கட்டியிருந்தார்கள். இரவில் மலிவான மின்சாரத்தில் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே இறக்கிச் சில நொடிகளில் மின்சாரம் எடுப்பார்கள். இன்று பெரிய பேட்டரிகளும், அண்டை நாடுகளோடு இணைக்கும் கடலடிக் கம்பிகளும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் காற்று நாள்கணக்கில் மந்தமாக இருந்தால் கைகொடுப்பது இன்றுவரை எரிவாயுதான்.

டிராக்ஸ் கதையையும் சொல்லாமல் விட முடியாது. யார்க்‌ஷையரில் உள்ள அது ஒரு காலத்தில் மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக்கரி மின் நிலையம். இப்போது அங்கே எரிவது மரத்துகள் உருண்டை. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. மரம் மறுபடி வளர்ந்து வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற கணக்கில் புகைபோக்கியில் வெளியேறுவது பூஜ்ஜியமாக எழுதப்படுகிறது, அதற்கு மானியமும் கிடைக்கிறது. காட்டை வெட்டி எரித்துவிட்டு அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் காத்திருப்பது எப்படித் தூய மின்சாரமாகும் என்று விஞ்ஞானிகள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இனி அந்தத் தேதி. 2015 நவம்பர் 18 அன்று எரிசக்தி அமைச்சர் ஆம்பர் ரட், 2025க்குள் நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தார். பிறகு அந்தக் கெடு 2024 அக்டோபருக்கு முன்னால் கொண்டுவரப்பட்டது. ஆட்சிகளும் பிரதமர்களும் மாறினார்கள், தேதி தள்ளிப்போகவில்லை. உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பாடு வந்த 2022இல், அந்த ஆண்டு மூடவேண்டியிருந்த ராட்கிளிஃபின் ஒரு பகுதியை மேலும் சில காலம் ஓட்டச் சொன்னார்கள். கடைசித் தேதியைத் தொடவில்லை. ராட்கிளிஃபை நடத்திய யூனிப்பர் நிறுவனமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வேறு வேலைக்குப் பயிற்சி பெற்றார்கள். கடைசியில் இருந்த சுமார் 170 பேரில் பலருக்கு நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலையே இரண்டாண்டுக்கு இருந்தது. கடைசிக் கரி ரயில் 2024 ஜூன் 28 அன்று 1,650 டன்னோடு வந்து சேர்ந்தது. ஐந்து லட்சம் வீடுகளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் தரப் போதுமான கரி.

1984ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பாராட்டுவது எளிது. பலரும் பாராட்டினார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம்பர் ரட் பேசிச் சரியாக ஒரு மாதத்தில், 2015 டிசம்பர் 18 அன்று, யார்க்‌ஷையரின் கெலிங்லி சுரங்கம் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம். 450 பேருக்கு வேலை போனது. ஒன்பது ஆண்டு அவகாசம் கிடைத்தது மின் நிலையங்களுக்கு. பூமிக்கடியில் வேலை பார்த்தவர்களுக்கு அல்ல. லட்சக்கணக்கானவர்களை ஏற்கெனவே வெளியேற்றிவிட்ட பிறகு, மிஞ்சிய 170 பேரைக் கண்ணியமாக வழியனுப்புவது பெரிய சிரமமில்லை.

போர்ட் டால்போட்டில் அந்தக் கண்ணியமும் கிடைக்கவில்லை. வேல்ஸ் நாட்டின் அந்தக் கடற்கரை ஊரில் டாடா ஸ்டீல் நிறுவனத்தின் உருக்காலை இருக்கிறது. அதன் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டதும் அதே 2024 செப்டம்பர் 30தான். தற்செயலாக ஒரே நாளில் அமைந்துவிட்டது. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உருக்கும் முறைக்குப் பதில், பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது. செலவு 125 கோடி பவுண்டு, அதில் 50 கோடி அரசின் பணம். கரியமில வாயு வெகுவாகக் குறையும். ஆனால் ஊதுலைக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் மின் உலைக்கு வேண்டியதில்லை. ஊதுலை அணைந்தது 2024இல். மின் உலை வருவது 2027 கடைசியில் அல்லது அதற்குப் பிறகு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ஒரு ஊதுலையையாவது மின் உலை வரும்வரை ஓட்டுங்கள் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுண்டு நஷ்டம் என்றது நிறுவனம். சுமையைத் தாங்கியது ஊர்.

மின் உலைக்கு மலிவான மின்சாரம் வேண்டும். அங்கேதான் பிரிட்டன் மாட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரச் சந்தையில் கடைசியாக அழைக்கப்படும் நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலை. பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி நிலையம் எரிவாயு நிலையம். காற்றாலைகள் மொத்த மின்சாரத்தில் 30 சதவீதத்தை ஒட்டித் தந்தாலும், விலையை எழுதுவது எரிவாயு. 2022இல் ரஷ்ய எரிவாயு நின்றதும் பிரிட்டிஷ் வீடுகளின் கட்டண ரசீதுகள் மக்களை மிரட்டியது இதனால்தான். தொழிற்சாலைகளுக்கான மின்கட்டணம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறது. வீடுகளும் பெரும்பாலும் எரிவாயுக் கொதிகலனில்தான் குளிர்காய்கின்றன. நிலக்கரி போன வேகத்தில் எரிவாயு போகாது. நிலக்கரியை வெளியே தள்ள எரிவாயு இருந்தது. எரிவாயுவைத் தள்ள அப்படித் தயாராக ஒன்று இல்லை.

கார்பன் பிரீஃப் என்ற ஆய்வுத் தளம் போட்ட கணக்குப்படி, 142 ஆண்டுகளில் பிரிட்டிஷ் மின் நிலையங்கள் எரித்த நிலக்கரி 460 கோடி டன். வெளியிட்ட கரியமில வாயு 1,040 கோடி டன். உலகின் பெரும்பாலான நாடுகள் எல்லா வழிகளிலும் சேர்த்து இதுவரை வெளியிட்டதைவிட இது அதிகம். பிரிட்டன் பணக்கார நாடாவதற்கு உதவிய புகை அது. இன்று மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை நிலக்கரியில் எடுக்கும் இந்தியா போன்ற நாடுகளைப் பார்த்து, நாங்கள் நிறுத்திவிட்டோம், நீங்களும் நிறுத்துங்கள் என்று சொல்லும்போது இந்தக் கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும்.

ராட்கிளிஃப் நின்று ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, ஈஸ்டர் விடுமுறையில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. ஸ்கன்தார்ப் நகரில் சீன நிறுவனத்தின் கையில் இருந்த உருக்காலையில், நாட்டின் கடைசி இரண்டு ஊதுலைகளும் கரி இல்லாமல் அணையும் நிலையில் இருந்தன. ஊதுலை ஒருமுறை குளிர்ந்துபோனால் மறுபடி மூட்டுவது பெரும்பாடு. ஒரே நாளில் சட்டம் இயற்றி ஆலையின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. அடுத்த சில நாட்களில் இம்மிங்ஹாம் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து கரி இறங்கி ஸ்கன்தார்ப்புக்குப் போனது. ராட்கிளிஃபின் கடைசிக் கரி ரயில் கிளம்பியதும் இதே இம்மிங்ஹாமிலிருந்துதான்.